வாழைமர வேலி

(புக்கிட் மேரா வட்டாரத் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவமனையில் மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது முகப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை இருக்கும். அதில் ஐந்து முகங்கள். ஒரு கோடியில் வாய்கொள்ளாத சிரிப்பு, மறுகோடியில் உம்மென்ற முகம். இன்றைய சேவை எப்படி என்று கேட்பார்கள். நம் ஆட்கள் எதை அழுத்துவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சிரிக்கிற முகத்தைத்தான். ஏனென்றால் ரத்தம் எடுத்த தாதி, "பாட்டி, மெதுவாப் போங்க" என்று நம் பாஷையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு நம்மால் ஒரு கெட்ட பெயர் வரலாமா?

அதே பாட்டிக்குக் கண் பரிசோதனை ஒரு நாள், கால் பரிசோதனை இன்னொரு நாள். இரண்டும் ஒரே கட்டடத்தில்தான். இரண்டு நாளும் மகள் வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டும். போன மாதம் வெள்ளையாக இருந்த மாத்திரை இந்த மாதம் மஞ்சளாக வந்திருக்கிறது. ஒரே மருந்தா, வேறா என்று தெரியாமல் பாட்டி இரண்டையும் சாப்பிடுகிறாள், அல்லது இரண்டையும் நிறுத்திவிடுகிறாள். இதைச் சொல்ல அந்த ஐந்து முகங்களில் எந்த முகத்தை அழுத்துவது?

மருத்துவமனைகளிடம் நமக்கு இரண்டு விதப் பேச்சுதான் பழக்கம். ஒன்று நன்றி, மற்றது புகார். நன்றி என்றால் பழக்கூடை கொண்டுபோய்க் கொடுப்போம். புகார் என்றால் பேரன் மின்னஞ்சல் எழுதுவான். இரண்டுமே காரியம் முடிந்த பிறகு வருபவை. முடிவெடுக்கும்போதே, எடுப்பவர்களோடு உட்கார்ந்து, "இப்படிச் செய்தால் எங்களுக்கு இது நடக்கும்" என்று சொல்லும் பேச்சு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அதற்குத் தொண்டூழியர்கள் தேவை. உங்களில் சிலரை அதற்கு இழுக்க முடியுமா என்று பார்க்கத்தான் வந்தேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டான் என்று சொல்லாதீர்கள்.

அதற்கு முன் ஒரு கதை. நாம் கூடியிருக்கும் இந்த வட்டாரத்துக்குப் புக்கிட் மேரா, அதாவது சிவப்புக் குன்று, என்று பெயர் வந்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு சொல்லும் கதையோடு மக்கள் வாய்வழிக் கதை ஒட்டிக்கொண்டு வளர்ந்தது இது. பழைய சிங்கப்பூரின் கரையை வாள்மூக்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகத் தாக்கின. துள்ளிவந்து ஆட்களைக் குத்திக் கொன்றன. ராஜா என்ன செய்தார்? குடிமக்களை வரிசையாகக் கரையில் நிறுத்தி, அவர்கள் கால்களையே அரணாக்கினார். அரண் அப்படியே செத்து விழுந்தது. அப்போது ஒரு சிறுவன் கேட்டான்: எதற்கு நம் கால்களை வைக்கிறீர்கள், வாழைமரங்களை வெட்டி நட்டு வேலி போட்டால் என்ன? போட்டார்கள். மீன்களின் மூக்குகள் வாழையில் குத்திச் சிக்கிக்கொண்டன. ஊர் பிழைத்தது. பிறகு மந்திரிமார்கள் ராஜாவின் காதில் ஓதினார்கள். இந்த வயதிலேயே இவ்வளவு புத்தி என்றால், வளர்ந்தபின் என்ன ஆவானோ? சிறுவனைக் கொன்றுவிட்டார்கள். அவன் ரத்தம் பட்டுத்தான் குன்று சிவந்தது என்பது மக்கள் சொல்லும் முடிவு.

இந்தக் கதையைப் பொறாமைக்கு உதாரணமாகத்தான் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று உறுத்துகிறது. யோசனையை எடுத்துக்கொண்டார்கள், யோசனை சொன்னவனை வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை வேறு மீன் வந்திருந்தால் யாரிடம் போயிருப்பார்கள்? இன்னொன்றும் உண்டு. அந்தச் சிறுவனுக்கு அது ஏன் தோன்றியது, மந்திரிகளுக்கு ஏன் தோன்றவில்லை? கரையில் நின்ற கால்கள் அவன் வீட்டாருடைய கால்கள். மந்திரிகளின் கால்கள் அங்கே இல்லை.

மருத்துவமனையில் அந்தக் கால்கள் நோயாளிகளுடையவை. நோயாளிகளின் குரல் என்றால் ஏதோ மேல்நாட்டிலிருந்து வந்த புது நாகரிகம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதன் முக்கியமான ஒரு பக்கம் இந்தச் சிங்கப்பூரில்தான் எழுதப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு இது தெரியவில்லையே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1980ஆம் ஆண்டு கனடாவின் வின்னிபெக் நகரில் மறுவாழ்வுத் துறைக்கான ஓர் உலக மாநாடு நடந்தது. மருத்துவர்கள், சிகிச்சையாளர்கள், சமூகப் பணியாளர்கள் என்று அறிஞர் கூட்டம். உடற்குறையுள்ளவர்களும் வந்திருந்தார்கள். ஆனால் அந்த மாநாட்டை நடத்திய அமைப்பின் முடிவுகளில் அவர்களுக்குப் பெரிய பங்கு இல்லை. பேராளர்களில் பாதிப்பேர் உடற்குறையுள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. தோற்றுப்போனது. நம்மைப் பற்றிப் பேசும் சபையில் நமக்குப் பாதி இடம் இல்லை என்றால் நமக்கென்று தனிச் சபை வேண்டும் என்று வந்திருந்தவர்கள் அங்கேயே முடிவு செய்தார்கள். அந்தச் சபையின் முதல் உலக மாநாடு எங்கே கூடியது தெரியுமா? 1981ஆம் ஆண்டின் கடைசியில், இதே சிங்கப்பூரில். அது உடற்குறையுள்ளோருக்கான அனைத்துலக ஆண்டு. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தார்கள். உடற்குறையுள்ளோர் அனைத்துலக அமைப்பு அங்கே முறையாகப் பிறந்தது. எங்களுக்கென்று ஒரு குரல் என்பதுதான் அவர்கள் தூக்கிப் பிடித்த வாசகம்.

அதன் முதல் தலைவர் ரான் சந்திரன் டட்லி, சிங்கப்பூரர். இளம் வயதில் பார்வையை இழந்தவர். 1986இல் இங்கே உடற்குறையுள்ளோர் சங்கம் தொடங்குவதிலும் அவர் முன்னின்றார். 2015இன் கடைசி நாள்களில் காலமானார். அந்த மாநாடு நடந்த 1981இன் சிங்கப்பூரைக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். பெருவிரைவு ரயில் கிடையாது, பேருந்தில் சக்கர நாற்காலி ஏறாது, பல கட்டடங்களின் வாசலில் படிதான். அந்த ஊருக்குத்தான் சக்கர நாற்காலியிலும் வெள்ளைக் கோலோடும் உலகத்தார் வந்து சேர்ந்தார்கள். இன்று நம் புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கிறது, நடைபாதையில் சாய்தளம் இருக்கிறது. இவை எல்லாம் அந்த மாநாட்டினால் மட்டும் வந்தவை என்று நான் சொன்னால் அது மிகை. ஆனால் படி இருக்கும் இடத்தில் படி இருக்கிறது என்று உரக்கச் சொல்ல அதில் ஏற முடியாத ஒருவர் வேண்டியிருந்தது.

எய்ட்ஸ் நோயின் கதையும் இப்படித்தான். 1983இல் அமெரிக்காவின் டென்வரில் சில நோயாளிகள் கூடி, எங்களைப் பலியானவர்கள் என்று அழைக்காதீர்கள், முடிவெடுக்கும் ஒவ்வொரு மட்டத்திலும் எங்களைச் சேருங்கள் என்று அறிக்கை விட்டார்கள். 1998இல் இங்கே பேடி சியூ என்ற முன்னாள் விமானச் சிப்பந்தி, தனக்கு எச்ஐவி இருப்பதைப் பொதுமேடையில் சொன்ன முதல் சிங்கப்பூரர் ஆனார். மறு ஆண்டே இறந்துபோனார். அதே 1998இல் சென்னையில், நாமக்கல் பக்கத்துப் பெண்ணான பெ. கௌசல்யா, எச்ஐவி உள்ள பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். கணவன் வழியாகத் தொற்று வந்து, ஊரால் ஒதுக்கப்பட்ட ஒரு பெண், மருந்து யாருக்கு எப்படிக் கிடைக்க வேண்டும் என்று அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசும் நிலைக்கு வந்தார். அவர் மருத்துவம் படித்தவர் அல்லர். ஆனால் மருந்தகத்தின் எந்த வாசல் வழியாகப் போனால் ஊரார் பார்த்துவிடுவார்கள் என்பதைப் படித்தவர்களைவிட அவரைப் போன்ற பெண்கள் நன்றாக அறிவார்கள். அந்த வாசல் சரியாக இல்லை என்றால் மாத்திரை எவ்வளவு நல்லதாக இருந்தும் யாரும் வாங்க வரமாட்டார்கள்.

இனி நம் வாசலுக்கு வருவோம். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஊட்ரமில் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை. 1882இல் அந்த இடத்துக்கு வந்தது.    

அந்த மருத்துவமனையில் 2015ஆம் ஆண்டு சிறுநீரக நோயாளிகளின் வார்டில் ஹெப்பட்டைட்டிஸ் சி கிருமி பரவியது. 25 நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள். மே மாதத்திலேயே மருத்துவமனைக்குச் சந்தேகம் எழுந்தது. பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது அக்டோபர் 6ஆம் தேதி. சுயேச்சை மறுஆய்வுக் குழு விசாரித்தது. தொற்றுத் தடுப்பு நடைமுறைகளில் குறைகள் இருந்ததையும், விஷயம் மேலிடத்துக்குப் போவதில் தாமதம் ஏற்பட்டதையும் சொன்னது. அந்த மாதங்களில் மருத்துவமனையினர் கூடிப் பேசிய அறைகளில் ஒரு நோயாளி உட்கார்ந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி நடந்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். கிருமியை நோயாளி கண்டுபிடிக்கப்போவதில்லை. ஆனால் "அவர்களிடம் எப்போது சொல்லப்போகிறோம்?" என்ற கேள்வியை அவர் முதல் கூட்டத்திலேயே கேட்டிருப்பார். அதைக் கேட்க அவருக்கு எந்தப் பட்டமும் தேவையில்லை.

அதற்கடுத்த ஆண்டு, 2016இல், அந்த மருத்துவமனையை நடத்தும் சிங்ஹெல்த் குழுமம் எஸ்தர் வலையமைப்பு என்ற முறையை சுவீடனிலிருந்து இங்கே கொண்டுவந்தது. எஸ்தர் என்பது அங்கே ஒரு மூதாட்டிக்குக் கொடுத்த புனைபெயர். மூச்சு வாங்கி மருத்துவமனைக்கு வந்த அந்தப் பாட்டி, படுக்கை கிடைப்பதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்களிடம் தன் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததாம். மூச்சு வாங்குகிறவளிடம் முப்பது தடவை கதை கேட்டிருக்கிறார்கள்! நம் பாட்டிமார்கள் அதைக் கேட்டால் சிரிப்பார்கள், அல்லது தலையாட்டுவார்கள். அதன்பிறகு அங்கே ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால், எஸ்தருக்கு எது முக்கியம் என்று கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்கள். நோயாளியே வந்து அமர்ந்து தன் அனுபவத்தைச் சொல்ல, மருத்துவர்களும் தாதியரும் வாயை மூடிக்கொண்டு கேட்கும் கூட்டங்களும் அந்த முறையில் உண்டு. வாயை மூடிக்கொண்டு என்பது என் சொல். அவர்கள் அதைவிட நாகரிகமாகச் சொல்வார்கள்.

2017இல் சிங்ஹெல்த் நோயாளிகளுக்காகப் பரிந்து பேசுவோரின் வலையமைப்பு ஒன்றைத் தொடங்கியது. நோயாளிகளும் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாரும்தான் அதன் உறுப்பினர்கள். சம்பளம் கிடையாது. இப்படிப்பட்ட தொண்டூழியர்கள் என்ன வேலை செய்ய முடியும் என்று கேட்டால், மிகச் சாதாரண வேலைகள்தான். நோயாளிக்குப் போகும் கடிதத்தைப் படித்து, "இந்த மூன்றாவது வரி எங்களுக்குப் புரியாது" என்று சொல்வது. புது மருந்தகம் கட்டும்போது சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடந்துபார்த்து, கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறந்தால் சௌகரியம் என்று காட்டுவது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டு வாழ்வது எப்படி இருக்கும் என்று மாணவ மருத்துவர்களுக்குச் சொல்வது. பார்க்கச் சின்ன வேலைகள். கழிப்பறைக் கதவு கட்டி முடித்தபின் மாற்ற எவ்வளவு செலவாகும் என்று நம் குத்தகைக்கார நண்பர்களைக் கேளுங்கள்.

இதை எல்லா ஊரும் ஒழுங்காகச் செய்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1974 முதல் சமூகச் சுகாதார மன்றங்கள் இருந்தன. 2003இல் கலைத்துவிட்டார்கள். பிறகு ஸ்டாஃபர்டு மருத்துவமனையில் கவனிப்பாரின்றி நோயாளிகள் பட்ட பாடு வெளியே வந்தபோது, அதை வெளிக்கொணரப் போராடியது தாயை இழந்த ஒரு மகளும் அவரோடு சேர்ந்த குடும்பங்களும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் உண்டு. பெயரில் நோயாளர் இருக்கிறார். கூட்டத்தில் பெரும்பாலும் அதிகாரிகள்தான் இருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019 முதல் செப்டம்பர் 17ஐ நோயாளி பாதுகாப்பு நாளாகக் கொண்டாடுகிறது. 2023இல் நோயாளிகளின் குரலை உயர்த்துவோம் என்பதையே முழக்கமாக வைத்தது. முழக்கம் வைப்பது சுலபம்.

நம் சமூகத்துக்கு இதில் ஏன் தனி அக்கறை வேண்டும் என்று சொல்கிறேன். 2010ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நீரிழிவு நோய் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு இருந்தது. மலாய்க்காரர்களில் 16.6, சீனர்களில் 9.7. எண்ணிக்கையில் நாம் சிறுபான்மை, சர்க்கரையில் முன்வரிசை. 2016இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிரான போர் அறிவித்தது. அடுத்த ஆண்டு அதற்காக 76 சாதாரணச் சிங்கப்பூரர்களைக் கூட்டி, மக்கள் நடுவர் மன்றம் அமைத்து யோசனை கேட்டது. நல்ல காரியம். இனி அப்படிக் கேட்கும்போதெல்லாம் நம்மில் யார் போய் உட்காரப்போகிறோம்?

ஓர் உதாரணம் சொல்கிறேன். சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014இல் ஆரோக்கியத் தட்டு என்று ஒரு படத்தை அறிமுகப்படுத்தியது. தட்டில் பாதி காய்கனி, கால்பங்கு முழுத்தானியம், மீதிக் கால்பங்கு மீனோ இறைச்சியோ பருப்போ. அறிவியல் சரி. நம் வீட்டுச் சாப்பாட்டில் அதை எங்கே பிரிப்பது? சாம்பாரில் பருப்பும் இருக்கிறது, முருங்கைக்காயும் இருக்கிறது, அது சோற்றின் மேலேயே ஊற்றப்படுகிறது. தோசையில் அரிசியும் உளுந்தும் ஒன்றாக அரைபட்டிருக்கின்றன. ஒரு கிண்ணம் சோறு போதும் என்று உணவு ஆலோசகர் சொல்வார். சீன வீட்டில் சோற்றுக்கு என்று அளவான ஒரு கிண்ணம் இருக்கிறது. நம் வீட்டில் தட்டில் குவிக்கிறோம், அல்லது இலையில் விரிக்கிறோம். அந்த அறிவுரையை எழுதும் அறையில் நம் அக்கா ஒருத்தி இருந்தால், "கிண்ணக் கணக்கு எங்களுக்கு வேண்டாம், கரண்டிக் கணக்கில் சொல்லுங்கள்" என்பாள். ஒரு வரித் திருத்தம்தான். அதைத் திருத்துவதற்கு நீரிழிவு நிபுணராக இருக்க வேண்டியதில்லை, சோறு பரிமாறியிருந்தால் போதும்.

நம்மில் பலர் வாயைத் திறக்காததற்குக் காரணம் மருத்துவமனை மட்டும் அல்ல. டாக்டருக்குத் தெரியாததா என்று தொடங்குவோம். அதைவிடப் பெரிய தடை, கோபித்துக்கொள்ளாதீர்கள், நம் பிள்ளைகள். மருத்துவர் அம்மாவைப் பார்த்துக் கேட்பார், மகன் பதில் சொல்வான். "அவங்களுக்கு ஒன்னும் இல்ல டாக்டர், கொஞ்சம் தூக்கம் வரல, அவ்வளவுதான்." அம்மா ஐந்து நிமிடம் பேசியதை மகள் அரை வரி ஆங்கிலத்தில் சுருக்குவாள். பள்ளிக்கூடத்துப் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போகிறோம். பாட்டிக்குச் சிறுநீர் கசிகிறது என்பதைப் பேரனிடம் பாட்டி எப்படிச் சொல்வாள்? சொல்லமாட்டாள். மருத்துவமனையில் நோயாளிகளுக்காகப் பேசும் ஒருவர் முதலில் கேட்டுப் பெற வேண்டியவற்றில் ஒன்று, குடும்பம் அல்லாத ஒரு மொழிபெயர்ப்பாளர். 2020இல் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் கொவிட் பரவியபோது மொழிபெயர்ப்பாளரின் தேவை பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. தமிழோ வங்காளமோ மட்டுமே பேசத் தெரிந்த ஊழியர்களுக்கு, உங்களை ஏன் தனியாக வைக்கிறோம் என்று சொல்லவே ஆள் தேவைப்பட்டது. தொண்டூழியர்கள் தொலைபேசியிலும் இணையத்திலும் மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். அந்தத் தம்பிமார்களும் இந்த ஊர் நோயாளிகள்தான். அவர்கள் சார்பில் யார் கூட்டத்தில் உட்காருவது என்பது எனக்கு இன்னும் விடை கிடைக்காத கேள்வி. வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை உள்ளவரைச் செவ்வாய்க்கிழமை மதியக் கூட்டத்துக்கு அழைக்க முடியாது.

அங்கேதான் இந்தத் தொண்டூழியத்தின் பலவீனமும் இருக்கிறது. சரளமாக ஆங்கிலம் பேசுகிற, ஓய்வு பெற்ற, மேசை நாகரிகம் அறிந்த ஆட்களே இதற்கு எளிதாகக் கிடைப்பார்கள். நானும் அந்தச் சாதிதான். என்னைப் போன்றவர்கள் நான்கு பேர் உட்கார்ந்துவிட்டால் மருத்துவமனை, நோயாளிகளைக் கேட்டுவிட்டோம் என்று கணக்கு எழுதிவிடும். நாங்கள் கேட்பது பெரும்பாலும் செயலி சரியாக வேலை செய்யவில்லை என்பதாக இருக்கும். கைப்பேசியே இல்லாத தாத்தாவின் கவலை எங்களுக்குத் தோன்றாது. இந்த வட்டாரத்திலோ, ஓரறை ஈரறை வாடகை வீடுகளில் தனியாக வாழும் மூத்தோர் நிறையப் பேர். அதனால் மருத்துவமனைகள் ஆங்கிலத்தில் கூட்டம் போட்டு எங்களை அழைப்பதோடு நிறுத்தக் கூடாது. துடிப்பாக மூப்படையும் நிலையத்துக்கு, ஈரச்சந்தைக்கு மேலே உள்ள உணவங்காடிக்கு, கோப்பி குடிக்கும் மேசைக்கு வந்து கேட்க வேண்டும். சமூகத் தாதியர் ஏற்கெனவே இந்தப் புளோக்குகளுக்கு வருகிறார்கள். அவர்கள் காதில் விழுவதை மேலே கொண்டுபோக ஒரு வழி இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

உங்களில் யாராவது இந்தத் தொண்டூழியத்துக்கு வர நினைத்தால், ஒப்புக்கொள்ளும் முன்பே சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதா, இனிமேல்தானா? எடுத்தாகிவிட்டது என்றால் உங்களை அழைப்பது புகைப்படத்துக்கு. நான் மட்டும்தான் நோயாளியா? ஒரே ஒரு ஆள் என்றால் பத்து நிபுணர்களுக்கு நடுவில் வாய் உலர்ந்துபோகும், குறைந்தது இருவராவது வேண்டும். டாக்சிக் காசு யார் கொடுப்பது? வெட்கப்படாமல் கேளுங்கள், அறையில் மற்ற எல்லாரும் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். கடைசியாக, நான் சொன்னதற்குப் பதில் எப்போது வரும்? உங்கள் யோசனையை ஏற்க முடியாது என்று சொன்னாலும் பரவாயில்லை, காரணத்தோடு சொல்ல வேண்டும். பதிலே வராத இடத்துக்கு இரண்டாம் முறை போகாதீர்கள். உங்கள் நேரத்துக்கும் விலை உண்டு.

படிப்பு எவ்வளவு என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால், நடந்த வழியைச் சொல்லுங்கள். எத்தனை ஆண்டு ஊசி போட்டுக்கொள்கிறீர்கள், எந்தப் பேருந்தில் போகிறீர்கள், அப்பாவைக் குளிப்பாட்டும்போது எங்கே வழுக்குகிறது. புற்றுநோய் வந்த மனைவிக்கு மூன்று வெவ்வேறு மருத்துவர்கள் மூன்று வெவ்வேறு நாள் கொடுத்தபோது, எப்படி முதலாளியிடம் கெஞ்சி விடுப்பு வாங்கினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அதை வேறு யாராலும் அந்த அறைக்குள் கொண்டுவர முடியாது.

விண்ணப்பத் தாள்கள் வாசல் மேசையில் இருக்கின்றன, தமிழிலும் உண்டு. படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் அங்கே இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது கேள்வி நேரம். ஒலிவாங்கி முதலில் பின்வரிசையில் சக்கர நாற்காலியில் இருக்கும் பெரியவர்களிடம் போகட்டும் தம்பி, முன்வரிசைக்காரர்கள் கொஞ்சம் பொறுங்கள்.